கரையான் குடியிருப்பது மரத்தில் அல்ல, மண்ணில்

(வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)



பயிருக்கு வரும் பூச்சியைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம். வீட்டுக்கு வரும் பூச்சியைப் பற்றிப் பேசுவது குறைவு. நெல்லில் புகையான் விழுந்தால் ஒரு போகம் போகும். அடுத்த போகத்தில் எப்படியாவது சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் கடன் வாங்கிக் கட்டின வீட்டில், கதவு நிலையும் கைமரமும் உள்ளுக்குள்ளேயே கூடாகிப் போனால் என்ன செய்வது? பெட்டிக்குள் வைத்த நிலப்பத்திரமும், பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழும் மண்ணோடு மண்ணாகிப் போனால் எங்கே போய்க் கேட்பது? ஆகவே இன்றைக்குக் கரையானைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். சில ஊர்களில் இதைச் செல்லு என்பார்கள். பெயர் எதுவானாலும் ஆள் ஒன்றுதான்.

கரையானால் வரும் நஷ்டம் ஒரு பக்கம். கரையானைப் பற்றி நம்மிடம் உள்ள தவறான அபிப்பிராயங்களால் வரும் நஷ்டம் இன்னொரு பக்கம். வருஷா வருஷம் மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் காசைக் கொட்டியும் கரையான் போகவில்லை என்றால், சண்டை போடுகிற இடம் தப்பு என்று அர்த்தம். அந்த அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெள்ளை எறும்பா?

கரையானை வெள்ளை எறும்பு என்று சொல்வதுண்டு. இது எறும்பே இல்லை. எறும்பு, குளவிக்கும் தேனீக்கும் சொந்தம். கரையானோ கரப்பான் பூச்சிக்குச் சொந்தம். எறும்புக்கும் கரையானுக்கும் பரம்பரைப் பகை. எறும்பு கண்டால் கரையானைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இதைத் தெரிந்து என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். பிரயோஜனம் இருக்கிறது. எறும்புக்குத் தோல் கெட்டி. வெயிலிலும் காற்றிலும் சாரை சாரையாகப் போகும். கரையானுக்குத் தோல் மெல்லிசு. காற்றுப் பட்டால் உடம்பு உலர்ந்து செத்துப்போகும். எறும்புக்கும் பயப்பட வேண்டும். அதனால்தான் போகிற வழியெல்லாம் மண்ணையும் எச்சிலையும் குழைத்து, பென்சில் கனத்துக்கு ஒரு மூடின பாதை கட்டிக்கொண்டு போகிறது. உங்கள் சுவரில் ஓடுகிற அந்த மண்கோடு, கரையானுக்கு ரோடு மாதிரி. அந்த ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்துக்கொண்டே கீழே வாருங்கள். மண்ணில் போய் முடியும்.

"ஈரம் பட்டால் மரத்தில் தானாக உண்டாகிறது"

இப்படிப் பலர் நம்புகிறார்கள். ஈரமான மரம் கரையானுக்குப் பிடிக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் தானாக உண்டாகாது. ராஜா, ராணி, முட்டை, குஞ்சு எல்லாம் இருக்கும் குடித்தனம் மண்ணுக்கடியில் இருக்கிறது. நாம் மரத்தில் பார்ப்பது வேலைக்காரக் கரையான்களையும், அவற்றுக்குக் காவல் வரும் பெரிய தலைச் சிப்பாய்களையும்தான். கூலிக்கு வயலுக்குப் போய் வருகிற மாதிரி, வேலைக்காரர்கள் மண்ணிலிருந்து வந்து மரத்தைத் தின்று, வீட்டில் இருப்பவர்களுக்கும் கொண்டு போகிறார்கள்.

இன்றைய பேச்சில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கரையான் உங்கள் வீட்டில் குடியிருப்பதில்லை. மண்ணில் குடியிருந்து, வீட்டுக்கு வந்து போகிறது. வருகிற வழியை அடைத்தால் போதும். மரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

"மண்ணெண்ணெய் ஊற்றினேன், போய்விட்டது"

மண்கோட்டைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, மண்ணெண்ணெயோ வண்டியில் வடித்த கழிவு எண்ணெயோ பூசுகிறோம். அங்கே இருந்த கரையான் சாகிறது. "விட்டது சனியன்" என்று இருந்துவிடுகிறோம். செத்தது சில நூறு வேலைக்காரர்கள். மண்ணுக்கடியில் ராணி நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டை இடுகிறாள். நாலு நாள் கழித்து அடுத்த கூட்டம் சுவருக்கு உள்பக்கமாக வேறு வழி போட்டுக்கொள்ளும். முன்னே கண்ணுக்குத் தெரிந்தது, இப்போது தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். போதாக்குறைக்கு மண்ணெண்ணெய் தீப்பிடிக்கிற சாமான். கூரை வீட்டில் அது வேறு ஆபத்து.

கோடு தெரிந்தால் முழுசாகத் தட்டிவிடாதீர்கள். நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் உடைத்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடத்தை ஈரமண்ணால் பூசியிருந்தால் நடமாட்டம் இருக்கிறது. வைத்தியம் பார்த்த பிறகும் இதே சோதனையைச் செய்து பாருங்கள்.

"புற்றை இடித்து ராணியைப் பிடித்தால் தீர்ந்தது"

தோட்டத்துப் புற்றை இடித்து, ராணியை எடுத்துக் கொன்றுவிட்டால் வீட்டுக் கரையான் போகும் என்பது இன்னொரு நம்பிக்கை. வீட்டைத் தின்னும் கூட்டத்தின் ராணி அந்தப் புற்றில்தான் இருக்கிறாள் என்பதற்கு என்ன நிச்சயம்? வீட்டு மரத்துக்கு வரும் வகைகளில் பல, வெளியே புற்றே கட்டுவதில்லை, மண்ணுக்கடியிலேயே குடித்தனம். சில வகைகளில் ஒரு ராணி போனால் வேறொன்று தயாராகிவிடும்.

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறும் என்று பெரியவர்கள் சொன்னதையும் மறக்க வேண்டாம். கடப்பாறையோடு போய்ப் பாம்பிடம் கடி வாங்கினவர்கள் உண்டு. வீட்டுக்கும் புற்றுக்கும் சம்பந்தம் தெரியாதபோது, சாமி கும்பிடுகிற புற்றை இடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஈசல் வேறே, கரையான் வேறே"

மழை பெய்த மறுநாள் சாயங்காலம் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கிறது. பிள்ளைகள் பிடித்து வறுத்துப் பொரியோடு தின்பார்கள். "ஒரு நாள் பூச்சிதானே" என்று விட்டுவிடுகிறோம். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான்தான். ஆணும் பெண்ணும் புற்றை விட்டுப் புதுக் குடித்தனம் வைக்கப் புறப்படுகின்றன. காக்கை, ஓணான், தவளை, நாம் எல்லோரும் தின்றது போக, தப்பித்த ஒரு ஜோடி இறக்கையை உதிர்த்துவிட்டு ஈரமண்ணில் நுழைந்தால், அதுதான் அடுத்த ராஜா ராணி.

வெளியிலிருந்து விளக்குக்கு வரும் ஈசலைப் பற்றிக் கவலை வேண்டாம். வாசல் விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்தால் போதும். ஆனால் வீட்டுக்குள்ளேயே, சுவர் ஓரத்து வெடிப்பிலிருந்தோ நிலையின் அடியிலிருந்தோ ஈசல் புறப்பட்டால் அசட்டையாக இருக்காதீர்கள். உங்கள் தரைக்குக் கீழேயே ஒரு பெரிய குடித்தனம் இருக்கிறது என்று அது சொல்லிவிட்டுப் போகிறது.

"நம்முடையது சிமெண்டு வீடு"

கூரை வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும்தான் கரையான் வரும், தளம் போட்ட வீட்டுக்கு வராது என்று நினைக்கிறோம். சிமெண்டைக் கரையான் தின்னாது, வாஸ்தவம். ஆனால் தரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஒரு மில்லிமீட்டர் வெடிப்பு இருந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடும். கரண்டு குழாய் போன வழி, தண்ணீர்க் குழாய் போன வழி எல்லாம் அதற்கு வாசல்தான். மண்சாந்து வைத்துக் கட்டின சுவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

வீடு கட்டும்போது நாமே விருந்து வைத்துவிட்டு வருவதும் உண்டு. அஸ்திவாரக் குழியில் பழைய வேர், மரக்கட்டை, சென்ட்ரிங் பலகைத் துண்டு, சிமெண்டு சாக்கு எல்லாவற்றையும் போட்டு மண்ணைத் தள்ளி மேலே தரை போட்டுவிடுகிறோம். அதைத் தின்று பழகின கரையான், தீர்ந்தபின் மேலே ஏறி நிலைக்கு வருகிறது.

"தேக்கை அரிக்காது"

பாதி உண்மை. தேக்கானாலும் எந்த மரமானாலும், நடுவே உள்ள வைரத்துக்குத்தான் அந்தச் சக்தி உண்டு. ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் பாகத்தைக் கரையான் சாப்பிட்டுவிடும். இளமரத்தில் வெளுப்புத்தான் ஜாஸ்தி. முற்றின பனையின் கறுத்த வைரம் நன்றாகத் தாங்கும். மா, இலவு மாதிரி மென்மரங்கள் தாங்காது. மரம் வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள். அறுத்த முகத்தைப் பாருங்கள். வெளுப்பு எவ்வளவு, வைரம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

அரித்த நிலையைக் கழற்றிவிட்டு அதே குழியில் புது நிலை வைப்பதும் தப்பு. பழைய வழி அப்படியே இருக்கிறது. முதலில் வழியை அடையுங்கள், அப்புறம் நிலையை மாற்றுங்கள்.

"மாவு கொட்டுகிறது, கரையான்தான்"

கட்டில் காலிலிருந்தும் மூங்கிலிலிருந்தும் மாவு மாதிரி கொட்டி, குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை தெரிந்தால், அது உளுக்கிற வண்டு. கரையான் அல்ல. கரையான் அரித்த மரத்தில் மண் ஒட்டியிருக்கும்; மேல்தோல் மட்டும் நின்று உள்ளே கூடாக இருக்கும். கடலோர ஊர்களில் உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையான் ஒரு வகையும் உண்டு. அது மண்பாதை கட்டாது. கசகசா மாதிரி சிறு மணிமணியாக எச்சம் தள்ளும். இந்த இரண்டுக்கும் தரையில் மருந்து ஊற்றிப் பிரயோஜனம் இல்லை. அந்த மரத்தைத்தான் கவனிக்க வேண்டும். பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் மருந்து வாங்கினால் காசு வீண்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

சரி, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். செலவில்லாத வேலைகளை முதலில் சொல்கிறேன்.

ஒன்று: விறகு, தென்னை மட்டை, பருத்திமார், வைக்கோல், வறட்டி எதையும் வீட்டுச் சுவரோடு சாய்த்து அடுக்காதீர்கள். இவை எல்லாம் கரையானுக்குச் சாப்பாடு. சாணத்தைக் கண்டால் கரையான் ஓடும் என்பதும் தவறான அபிப்பிராயம். காய்ந்த சாணத்தை அது விரும்பித் தின்னும். பத்தடி தள்ளி, கல் போட்டு அதன்மேல் அடுக்குங்கள்.

இரண்டு: சுவர் ஓரம் ஈரம் நிற்க விடாதீர்கள். ஓட்டுத் தண்ணீர், குளியல் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் சுவரை விட்டு ஓடும்படி வாய்க்கால் எடுத்துவிடுங்கள். தென்னைக்கோ வாழைக்கோ பாய்ந்தால் அதுவும் லாபம்.

மூன்று: எந்த மரத்தையும் மண்ணில் புதைக்காதீர்கள். பழைய வீடுகளில் திண்ணைத் தூணைக் கல்லின்மேல் நிறுத்தியிருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். கல் கரையானைத் தடுத்துவிடாது. ஆனால் கல்லின்மேல் ஏற வேண்டுமானால் அது வெளிப்படையாகக் கோடு போட்டுத்தான் ஏற வேண்டும். வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிடும். திருடன் கொல்லை வழியாக வராமல் தெருவாசல் வழியாக வருகிற மாதிரி. கொட்டகைக் காலுக்கும் இதே முறைதான். காலின் அடியில் தார் பூசிப் புதைத்தால் கொஞ்ச காலம் தாங்கும். தார் வெடித்த இடத்தில் உள்ளே போய்விடும். காலைக் கல்லிலோ காங்கிரீட் பீடத்திலோ நிறுத்துவதே மேல்.

நாலு: நெல் மூட்டையை மண்தரையில் அடுக்காமல் பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். பத்திரம், சிட்டா, ரேஷன் கார்டு, சான்றிதழ் எல்லாம் சுவர் மாடத்திலோ மரப்பெட்டி அடியிலோ வேண்டாம். மூடி உள்ள இரும்புப் பெட்டியில் போட்டு, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஐந்து: அமாவாசைக்கு வீடு சுத்தம் செய்கிறீர்கள் அல்லவா? அன்றைக்கே ஒரு டார்ச் விளக்கும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். நிலை, ஜன்னல் சட்டம், உத்தரம் சுவரில் ஏறுகிற இடம் எல்லாவற்றையும் திருப்புளிப் பிடியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான மரம் "ணங்" என்னும். கூடான மரம் "பொத்" என்னும். கால் மணி நேர வேலை. உத்தரம் தலையில் விழுவதற்கு முன்னே தெரிந்துகொள்ளலாம்.

மருந்து அடிக்க வேண்டி வந்தால்

நடமாட்டம் அதிகமாக இருந்தால் மருந்து தேவைப்படும். அந்த மருந்தும் மரத்துக்கு அல்ல, மண்ணுக்குத்தான். கட்டடத்துக்குக் கரையான் மருந்து போடும் முறையை இந்தியத் தர நிர்ணயத்தில் வகுத்திருக்கிறார்கள். வீட்டைச் சுற்றி வெளிப்புறம் சுவரை ஒட்டி அரை மீட்டர், அதாவது ஒன்றரை அடிக்குமேல் ஆழத்துக்கு வாய்க்கால் தோண்டி, சுவரின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஏழரை லிட்டர் கணக்கில் மருந்துக் கலவையை ஊற்ற வேண்டும். அந்த ஆழத்துக்கு, ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு ஏறக்குறைய மூணே முக்கால் லிட்டர் ஆகும். உள்ளே தரையும் சுவரும் சேருகிற இடத்தில் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு லிட்டர் வரை விட்டு, சிமெண்டால் அடைக்க வேண்டும். புதுவீடு கட்டுகிறவர்கள், தரை காங்கிரீட் போடுவதற்கு முன்பே நிரப்பிய மண்ணின்மேல் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் ஊற்றிவிடுவது சுலபம், செலவும் குறைவு.

இங்கேதான் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். ஒரு காலத்தில் கரையானுக்கு ஆல்ட்ரின், குளோர்டேன், பி.எச்.சி. என்று சொல்வது வழக்கம். ஆல்ட்ரினும் குளோர்டேனும் நம் நாட்டில் 1996-இல் தடை செய்யப்பட்டன, பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டது. இவை மண்ணில் வருஷக்கணக்கில் அழியாமல் கிடந்து, உணவிலும் பாலிலும் மனுஷர் உடம்பிலும் சேரும். பரணில் அப்பா காலத்துத் தகரடப்பா எதுவும் கிடந்தால் அதை எடுத்து உபயோகிக்காதீர்கள், வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

வயலுக்கு வாங்கினதில் மிச்சம் இருக்கிறது என்று அதை வீட்டில் தெளிப்பதும் கூடாது. கட்டடத்துக் கரையானுக்கு என்று சீட்டில் அச்சிட்டிருக்கும் மருந்தை மட்டும் வாங்கி, அதில் போட்ட அளவுக்குத் தண்ணீர் கலக்குங்கள். கூடப் போட்டால் கூடப் பலன் வராது, கெடுதல்தான் கூடும். வீட்டை ஒட்டிக் கிணறோ அடிபம்போ இருந்தால் அந்தப் பக்கம் மருந்து வேண்டவே வேண்டாம். நெல் வைக்கிற அறையிலும் அடுப்படியிலும் தெளிக்க வேண்டாம். கையுறை போட்டு, மூக்கை மூடி, பிள்ளைகளையும் ஆடு, மாடு, கோழியையும் தள்ளி வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கரையான் தின்ற நிலையை மாற்றிக்கொள்ளலாம். கிணற்றில் விஷம் கலந்தால் மாற்ற முடியாது.

எல்லாக் கரையானும் எதிரி அல்ல

கடைசியாக ஒரு அபிப்பிராயம். கரையான் என்றாலே கொல்ல வேண்டியது என்பது. உலகத்தில் ஏறக்குறைய 3,000 வகைக் கரையான் உண்டு. அவற்றில் மனுஷருக்கு நஷ்டம் உண்டாக்குகிறவை சொற்பம். மற்றவை காட்டிலும் மேட்டிலும் விழுகிற சருகையும் கட்டையையும் தின்று மக்க வைக்கின்றன. மண்ணைத் துளைத்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்க வழி பண்ணுகின்றன. மழைக்குப் பின் புற்றருகே முளைக்கும் காளான் இருக்கிறதே, அது கரையான் தன் சாப்பாட்டுக்காகப் புற்றுக்குள்ளே பயிர் பண்ணுகிற பூஞ்சாணத்திலிருந்து வருவது. அதுவும் ஒரு விவசாயிதான்!

நம் ஊர்களில் பழைய கைவேலை ஒன்று உண்டு. மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்து எடுத்தால் பானை நிறையக் கரையான். கோழிக்குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. மருந்து போட்ட மண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள்.

ஆகவே விவசாயப் பெருமக்களே, கரையான் அதன் மண்ணில் இருக்கட்டும். நாம் நம் வீட்டில் இருப்போம். இரண்டுக்கும் நடுவே உள்ள வழியை மட்டும் அடைத்து வையுங்கள். இன்றைக்கே சுவர் ஓரத்து விறகை நகர்த்துங்கள். நாளைக்குத் திருப்புளியை எடுத்து நிலையைத் தட்டிப் பாருங்கள். செலவு ஒரு காசு இல்லை.